சோங்-கோல் ஏரிக்குக் குதிரையில்: குளிரில் ஓர் இரவுப் பயணத்துக்குப் புதியவர்கள் தயாராகும் முறை

கிர்கிஸ்தானின் நரின் மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோங்-கோல் ஏரி. இசிக்-குல்லுக்கு அடுத்தபடியாக அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி இதுதான். கரையில் நிரந்தரமான ஊர் எதுவும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேய்ப்பர் குடும்பங்கள் ஆடுகளோடும் குதிரைகளோடும் மேலேறி வந்து, ஜெய்லூ எனப்படும் கோடைக்கால மேய்ச்சல் நிலங்களில் யூர்ட் கூடாரங்களை எழுப்பித் தங்குகின்றன. பனி இறுகத் தொடங்கியதும் அவற்றைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. குதிரையில் மலைக் கணவாயைக் கடந்து ஏரிக்குப் போய், அந்த யூர்ட்டுகளில் ஓர் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் திரும்புவது, முன்பின் குதிரை ஏறாதவர்களும் குழுவாகச் செய்யக்கூடிய பயணம். பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்களும், அவர்களைப் பார்க்கப் போகும் குடும்பத்தினரும் எளிதில் எட்டக்கூடிய தூரத்தில்தான் இது இருக்கிறது.

புதியவர்களில் பலர் குதிரையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். குளிரை ஒரு கனத்த கோட்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். என் கருத்தில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சேணத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடல் நடப்பவரின் உடலைப்போல வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கால்கள் தொங்கியபடி இருப்பதால் பாதங்கள்தான் முதலில் விறைக்கின்றன. கையில் கடிவாள வார் இருப்பதால் பையைத் திறப்பது, பொத்தானைப் போடுவது, கையுறையைத் தேடுவது எல்லாமே சிரமமாகிவிடுகின்றன. ஆகவே தரையில் நிற்கும்போது முடிக்காத வேலை எதையும் சேணத்தில் முடிக்க முடியாது என்று வைத்துக்கொண்டு தயாராக வேண்டும். கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே குளிர் என்பது குளிர்காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஜூலை மாத இரவிலும் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்குவது உண்டு. கோடையின் நடுவிலும் ஒரு பிற்பகலில் பனி பெய்து, மறுநாள் காலையில் உருகிப்போவது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம். செப்டம்பர் பிறந்துவிட்டால் இரவுகள் உறைபனி இரவுகளாகிவிடுகின்றன. கூட்டம் குறைந்து, புல் பொன்னிறமாகி, வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் செப்டம்பரின் முதல் இரண்டு வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். மாத இறுதிக்குள் பல குடும்பங்கள் யூர்ட்டுகளைப் பிரித்துவிடும் என்பதால், எந்தத் தேதிவரை ஆட்கள் மேலே இருப்பார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில் அங்கே குதிரையில் போவது புதியவர்களுக்கு ஏற்றதன்று.

கொச்கோரில் ஓர் இரவு

இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா தேவை. அதை இணையவழியே பெறலாம். சோங்-கோல் எல்லைப் பகுதியில் வராததால் அதற்கெனத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பிஷ்கேக்கிலிருந்து மர்ஷ்ருத்கா எனப்படும் பகிர்வு வேனில் பூம் பள்ளத்தாக்கு வழியாகக் கொச்கோர் என்னும் சிற்றூருக்கு மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். குதிரை, வழிகாட்டி, யூர்ட், உணவு எல்லாவற்றையும் சேர்த்து ஏற்பாடு செய்துகொடுக்கும் அலுவலகங்கள் கொச்கோரில் உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சமுதாயச் சுற்றுலா அமைப்பும் அவற்றில் ஒன்று. பணத்தைக் கிர்கிஸ் சோம் நோட்டுகளாகவே எடுத்துச் செல்லுங்கள். மேலே வங்கி அட்டை எதற்கும் உதவாது. கைப்பேசிச் சிக்னலையும் நம்ப முடியாது.

பிஷ்கேக் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலும், கொச்கோர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. காலையில் பிஷ்கேக்கில் புறப்பட்டு அன்றிரவே ஏரிக்கரையில் படுப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வருவதற்கு இதுவே காரணம். கொச்கோரில் ஓர் இரவு தங்கினால் உடல் ஓரளவு பழகும். இன்னொரு நாளை ஒதுக்க முடிந்தவர்கள், வழியில் இருக்கும் கிலெம்சே ஜெய்லூவில் முதல் இரவையும் ஏரிக்கரையில் இரண்டாம் இரவையும் கழிக்கும் மூன்று நாள் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உயரத்துக்கும் பழகலாம், சேணத்தில் உட்காரும் நேரமும் பிரிந்துவிடும். இதயக் கோளாறு, ஆஸ்துமா, முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முன்பதிவு செய்யக் கூடாது. காப்பீடு எடுக்கும்போது, குதிரைச் சவாரிக்கும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கும் அது பொருந்துமா என்பதைப் படித்துப் பாருங்கள். பல திட்டங்கள் இவ்விரண்டில் ஒன்றை விலக்கியிருக்கும்.

முன்பதிவின்போது உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். கிர்கிஸ் குதிரைகள் உயரத்தில் சிறியவை, உழைப்பில் உறுதியானவை. ஆனாலும் 90 கிலோவுக்கு மேல் இருப்பவருக்கு வலிமையான குதிரையைத் தனியாகத் தேடி வைக்க வேண்டியிருக்கும். அசைவம் சாப்பிடாதவர்கள் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே கடை கிடையாது. சொல்லியிருந்தால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சோறு, முட்டை என்று எதையாவது கொண்டுவந்திருப்பார்கள். சொல்லாவிட்டால் ஆட்டிறைச்சி போட்ட சூப்பும், ரொட்டியும் ஜாமும்தான்.

உடுப்பு

குளிருக்கான உடை மூன்று அடுக்காக இருக்க வேண்டும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழையாலான பனியனும் காலுடையும்; அதன்மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ் அல்லது கம்பளிச் சட்டை; எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பருத்தியையே நம்பிப் பழகியிருக்கிறோம். இங்கே அதை முற்றிலும் விலக்க வேண்டும். கணவாய் ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன் உச்சியின் காற்றில் காயாமல், உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸுக்கும் இதே குற்றம் உண்டு; கூடவே அதன் உட்தையல் தொடையை அறுத்துவிடும். தையல் உறுத்தாத இறுக்கமான காலுடையின்மேல் தளர்வான கால்சட்டை அணிந்து, புறப்படும் காலையிலேயே தொடையின் உட்புறத்திலும் பிட்டத்திலும் வாசலின் தடவிக்கொண்டால் உரசல் புண் பெரும்பாலும் வராது. எரிச்சல் தொடங்கிய பிறகு தடவுவதால் அரைப் பலன்தான் கிடைக்கும்.

காலணி விஷயத்தில் கவனம் மிக அவசியம். மிக அகலமான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் சிக்கிக்கொள்ளும். குதிகால் இல்லாத தட்டையான ஷூ அங்கவடியைத் தாண்டி வழுக்கிப் போய்விடும். கீழே விழும்போது கால் சிக்கி இழுபடுவது குதிரைச் சவாரியில் மிக ஆபத்தான விபத்துகளில் ஒன்று என்பதால், கணுக்காலை மூடிய, சிறிய குதிகால் உள்ள, பாதத்துக்குச் சற்றே தளர்வான பூட்ஸ்தான் வேண்டும். இரண்டு ஜோடி கனத்த சாக்ஸைத் திணித்துப் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு ஜோடி நல்ல கம்பளி சாக்ஸ் போதும், இன்னொரு ஜோடி இரவுக்கென்று உலர்ந்தபடி பையில் இருக்கட்டும்.

தலைக்கவசத்தை எல்லா இடங்களிலும் தருவதில்லை. முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். அதனடியில் காதை மூடும் மெல்லிய குல்லா போட இடமிருக்கிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறை, கழுத்தைச் சுற்றும் துணி, குளிர்க்கண்ணாடி, உதட்டுக்குக் களிம்பு, முகத்துக்கு வெயில் களிம்பு ஆகியவையும் வேண்டும்; இந்த உயரத்தில் குளிர் உறைக்கும்போதே வெயிலும் தோலைச் சுட்டுவிடும். மழைக்குப் பாலித்தீன் போர்வை வேண்டவே வேண்டாம். காற்றில் படபடக்கும் அதன் ஓசை அமைதியான குதிரையையும் மிரளச் செய்யும்.

முதுகில் கனத்த பை மாட்டிக்கொண்டு சவாரி செய்யக் கூடாது. சேணத்தின் இருபுறமும் தொங்கும் குர்ஜுன் என்ற இரட்டைப் பையில் சாமான்களைச் சம எடையாகப் பிரித்து வைப்பார்கள். தண்ணீர், கையுறை, சிறிது தின்பண்டம், மேலங்கி ஆகிய நான்கும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவை ஒரு கையால் எடுத்துத் தின்ன வசதியாக இருக்கும்.

குதிரையோடு முதல் கால்மணி நேரம்

கொச்கோரிலிருந்து வாகனத்தில் கிசார்ட் கிராமத்துக்குப் போனால் அங்கே குதிரைகள் காத்திருக்கும். உங்களுக்குக் கொடுத்த குதிரையின் முதுகையும் வயிற்றுவார் உரசும் இடத்தையும் பாருங்கள். புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். புண்ணுள்ள குதிரைக்கு ஒவ்வோர் அடியும் வேதனை. அந்த வேதனையில் அது உங்களைத் தள்ளிவிடவும் கூடும். குதிரையின் பின்புறமாக நடக்காமல், அதன் தோள்பக்கமாக, அது பார்க்கும்படி அணுகுங்கள்.

ஏறும்போது மேலங்கியின் ஜிப்பைப் போட்டு, தொங்கும் நாடாக்களை உள்ளே செருகி, கைப்பேசியை மூடிய பைக்குள் வையுங்கள். இடப்பக்கமாக ஏற வேண்டும். வழிகாட்டி குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்க, இடது கையில் கடிவாள வாரையும் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடித்து, இடதுகாலை அங்கவடியில் வைத்து எழும்பி, மெதுவாக உட்கார வேண்டும். தொம்மென்று விழுவது குதிரையின் முதுகை நோகச் செய்யும். அங்கவடியின் நீளத்தை உடனே சரிபாருங்கள்: காலைத் தொங்கவிட்டால் அதன் அடித்தட்டு கணுக்கால் எலும்பளவில் இருக்க வேண்டும். அது குட்டையாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முழங்கால் வலி தாங்காது. புதியவர்கள் பெரும்பாலும் கூச்சத்தால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, மாலையில் நடக்க முடியாமல் தவிக்கிறார்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும். குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.

இங்குள்ள குதிரைகளை ஒரு கையால் ஓட்டுவதே வழக்கம். போக வேண்டிய பக்கத்துக்குக் கையை நகர்த்தினால் வார் கழுத்தில் பட்டுக் குதிரை திரும்பும். ‘சூ’ என்று குரல் கொடுத்துக் குதிகாலால் லேசாகத் தொட்டால் நடக்கும். நிறுத்துவதற்கு வாரைப் பின்னுக்கு இழுத்து, நின்றதும் தளர்த்திவிட வேண்டும்.

பதினைந்து, இருபது நிமிடம் நடந்ததும் வழிகாட்டி எல்லாரையும் நிறுத்தி வயிற்றுவாரை மீண்டும் இறுக்க வேண்டும். வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் பழக்கம் குதிரைகளுக்கு உண்டு. நடக்கத் தொடங்கியதும் வயிறு தளர்ந்து, வாருக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு கையே நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். இரண்டு விரல்கள் மட்டும் நுழைய வேண்டிய இடம் அது. வழிகாட்டி மறந்துவிட்டால் நீங்களே நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். சரிவில் சேணம் பக்கவாட்டில் சுழல்வதற்குத் தளர்ந்த வாரே முதல் காரணம். மதிய ஓய்வுக்குப் பிறகு ஏறும்போதும், மறுநாள் காலையிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

குழுவாகப் போகும்போது

வழிகாட்டி முன்னே, மிகவும் தயங்குபவர் அவருக்கு அடுத்து, ஓரளவு அனுபவம் உள்ளவர் கடைசியில் என்று வரிசை அமைத்துக்கொள்ளுங்கள். முன்னே போகும் குதிரையிலிருந்து குறைந்தது ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும்; நெருங்கினால் முன்குதிரை உதைக்கும், அந்த உதை பெரும்பாலும் பின்னால் வருபவரின் முழங்காலில்தான் விழும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. ஒன்று பாய்ந்தால் எல்லாம் பாயும். ஆகவே ஓட்டத்தில் ஆசையுள்ள ஒருவர் தன்னிச்சையாகக் குதிரையை விரட்டுவது, பின்னால் முதல்முறையாக உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைக் கீழே தள்ளுவதற்குச் சமம். புறப்படும் முன்பே இதைக் குழுவில் பேசி முடிவுசெய்துவிடுங்கள். ஒருவர் இறங்கினால் அனைவரும் நிற்க வேண்டும். அவர் திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரிசை நகர வேண்டும்.

கிசார்ட்டிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் கணவாய் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. பிற்பகலில் மேகம் திரண்டு இடிமழையோ பனியோ வருவது அடிக்கடி நடப்பதால், நண்பகலுக்குள் உச்சியைக் கடக்கும்படி காலையிலேயே புறப்பட வேண்டும். ஏற்றத்தில் உடலை முன்னால் சாய்த்துப் பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பின்னால் சற்றுச் சாய்ந்து, அங்கவடியில் எடையை ஊன்றி, வாரைத் தளரவிடுங்கள், குதிரை தன் தலையைத் தாழ்த்தி வழியைப் பார்த்துக்கொள்ளும். ஓடையைக் கடக்கும்போது தண்ணீரைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். குதிரை ஓடையில் நின்று முன்காலால் தண்ணீரை அறையத் தொடங்கினால் அது படுத்துப் புரளப் போகிறது என்று பொருள். உடனே குதிகாலால் தட்டி நகர்த்துங்கள்.

கணவாய்க்குச் சற்று முன்பே, காற்று இன்னும் மறைந்திருக்கும் இடத்தில் அனைவரும் இறங்கி மேலங்கியையும் கையுறையையும் அணிந்துகொள்ளுங்கள். குதிரையின் மேல் உட்கார்ந்தபடி கோட்டைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது. இரு கைகளும் சட்டைக்குள் இருக்கும் அந்த நொடியில் குதிரை மிரண்டால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பாதம் மரத்துப்போகத் தொடங்கினால் வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லி இறங்கி, குதிரையைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நடங்கள். இறங்கும்போது இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, சேணத்தைப் பிடித்தவாறே இறங்க வேண்டும். விறைத்த கால்கள் தரையைத் தொட்டதும் மடங்கிவிடக்கூடும்.

பக்கத்தில் வருபவரின் முகத்தையும் பேச்சையும் கவனித்துக்கொண்டே இருங்கள். உடல் நடுங்குவது எச்சரிக்கை. கலகலவென்று பேசிவந்தவர் மௌனமாகிவிடுவது, நாக்குக் குழறுவது, வாரைப் பிடிக்கக் கை தடுமாறுவது ஆகியவை உடல்வெப்பம் அபாய அளவுக்கு இறங்குவதன் அறிகுறிகள்; சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலை இன்னும் மோசம். அவரைக் காற்றில்லாத இடத்தில் இறக்கி, ஈர உடையை மாற்றி, போர்த்தி, இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். வோட்கா கொடுத்தால் சூடேறும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

யூர்ட்டில் இரவு

ஏரிக்கரை வந்ததும் முதல் வேலை உடை மாற்றுவது. உலர்ந்ததுபோலத் தோன்றினாலும் பனியனிலும் சாக்ஸிலும் வியர்வை இருக்கும். தேநீருக்கு உட்காரும் முன் அவற்றை மாற்றிவிடுங்கள். தரையில் விரித்த துணியில் ரொட்டி, வெண்ணெய், கைமாக் என்னும் பாலாடை, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், தேநீர் எல்லாம் வரும். உணவுக்கு நேரமில்லாமல் புறப்படுபவரும் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் எழ வேண்டும் என்பது அவர்கள் மரபு. புளித்த குதிரைப்பாலான குமிஸைச் சிறிதளவு சுவைத்துப் பாருங்கள். பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரு கிண்ணம் நிறையக் குடிப்பது தாங்காது, மறுநாளும் சேணத்தில் உட்கார வேண்டும்.

மரம் முளைக்காத இந்த உயரத்தில் எரிபொருள் காய்ந்த சாண வறட்டிதான். வீட்டுக்காரப் பெண்மணி இரும்பு அடுப்பில் வறட்டிகளை அடுக்கி மூட்டினால் கால்மணி நேரத்தில் கூடாரம் முழுதும் வெதுவெதுப்பாகி, போர்வையே வேண்டாம் என்று தோன்றும். அந்தச் சூட்டை நம்பி மெல்லிய உடையோடு படுத்துவிடக் கூடாது. நள்ளிரவுக்குள் அடுப்பு அணைந்துவிடும்; விடியற்காலையில் வெளியிலும் உள்ளும் ஏறத்தாழ ஒரே குளிர்தான். நீங்களாகவே அடுப்பை மீண்டும் மூட்டிவிட்டு, மேலே இருக்கும் துந்துக் என்ற வட்டத் திறப்பையும் கதவையும் இறுக மூடிக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே உயிரை எடுத்துவிடும். மெத்தையும் கனத்த ரஜாயும் தருவார்கள் என்றாலும், செப்டம்பரில் சொந்தமாக ஒரு ஸ்லீப்பிங் பேக் இருந்தால் நிம்மதி. கொதிநீரைக் கசியாத புட்டியில் ஊற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி, பவர்பேங்க், மறுநாள் போடும் சாக்ஸ் மூன்றும் உங்களோடு உள்ளேயே இருக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

கழிப்பறை தள்ளி இருக்கும். தலையில் மாட்டும் விளக்கு இல்லாமல் போகாதீர்கள். முன்கால்கள் கட்டப்பட்ட குதிரைகள் இருட்டில் மேய்ந்துகொண்டிருக்கும், காவல் நாய்களும் இருக்கும். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்து, நேராக நடக்க முடியாத தடுமாற்றமோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வழிகாட்டியை எழுப்புங்கள். அதற்கு மருந்து உயரத்தைக் குறைப்பதுதான்; ஏரிக்கரைவரை வாகனப் பாதை இருப்பதால் காரில் இறக்க ஏற்பாடு செய்யலாம்.

திரும்பும் நாள்

இரண்டாம் நாள் ஏறும்போது உட்காரும் எலும்புகள் வலிக்கும். அரைமணி நேரம் முன்னதாகவே எழுந்து தொடையையும் இடுப்பையும் நீட்டிமடக்கி, கொஞ்சம் நடந்துவிட்டு ஏறினால் வலி தணியும். வீடு திரும்புவது குதிரைகளுக்குத் தெரியும் என்பதால் இன்று வேகமெடுக்கும்; வாரை நேற்றைவிடச் சற்றுக் குறுக்கிப் பிடியுங்கள், குறிப்பாகக் கிராமம் கண்ணில் பட்ட பிறகு. கடைசிப் பகுதியில் இறங்கி நடந்து போனால் குதிரையின் முதுகும் ஆறும், உங்கள் கால்களும் உயிர்பெறும்.

இறங்கியதும் குதிரையின் முதுகையும் வாரடியையும் மீண்டும் பாருங்கள். புதிதாகக் காயம் இருந்தால் வழிகாட்டியிடம் மட்டுமன்றி, ஏற்பாடு செய்த அலுவலகத்திலும் சொல்லுங்கள். அடுத்த குழு வரும் முன் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும். வழிகாட்டிக்கு அன்பளிப்புக் கொடுப்பதானால் அவர் கையிலேயே கொடுங்கள். மர்ஷ்ருத்கா இருக்கை நிறைந்தால்தான் புறப்படும், மாலையானால் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். அன்றிரவும் கொச்கோரிலேயே அறை எடுத்து வெந்நீரில் குளித்துவிட்டு மறுநாள் காலையில் பிஷ்கேக்குக்குக் கிளம்பும்படி திட்டமிடுங்கள்.